மலையில் 2 நாள் டிரெக்கிங் பிளானா? கிளம்பும் முன் இதைப் படிங்க!

வன்னியம்பட்டிக்கு மேற்கே தெரியும் மலைத்தொடரில் கூடாரம் போட்டு நாள்கணக்கில் நடக்க ஆசையா? அது 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைந்தால் வழக்கு பாயும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி?
2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்கள் காட்டுத்தீயில் சிக்கினர். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பிறகே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன.

எப்படிப் போகலாம்?
2024 அக்டோபரில் தொடங்கிய ‘டிரெக் தமிழ்நாடு’ இணையதளத்தில் புக் பண்ணுங்க. செண்பகத்தோப்பு - புதுப்பட்டி பாதை அதில் இருக்கு. வழிகாட்டியுடன் பகலிலேயே இறங்கிடணும்.

2 நாள் வேணும்னா?
ராத்திரி ஊருக்குள்ள தங்கிட்டு, மறுநாள் வேறொரு பாதைக்குப் பதிவு செய்யுங்க.

எப்போ வேண்டாம்?
பிப்ரவரி - ஏப்ரல் காட்டுத்தீ காலம், பாதைகள் மூடப்படலாம். மழை நாட்களில் ஓடைகளில் திடீர் வெள்ளம் வரும்.