பிளக் இல்லாத வயர்

ஒரு சின்னப் புதிரோட ஆரம்பிக்கிறேன். நூறு வருஷம் தாண்டின ஒரு வாக்குவம் கிளீனர் உங்க கைக்கு வருது. வயரோட முனையில பிளக் இல்லை. பல்போட அடிப்பகுதி மாதிரி மரை போட்ட ஒரு திருகு இருக்கு. அதை வெட்டிட்டுப் புது பிளக் மாட்டுவீங்களா?

மாட்டிடாதீங்க. அந்தத் திருகுதான் அதோட வயசுக்குச் சாட்சி. 1900-களின் ஆரம்பத்துல, அமெரிக்காவுல கரண்ட் வந்த பல வீடுகள்ல அது விளக்குக்காக மட்டும்தான் வந்துச்சு. சுவர்ல பிளக் பாயின்ட் கிடையாது. பல்பைக் கழற்றிட்டு, அந்த ஹோல்டர்லயே மெஷினைத் திருகி மாட்டணும்.

கரண்டே இல்லாத வீடுகளுக்குக் கை பம்ப்பும் துருத்தியும் வெச்ச மெஷின்கள் இருந்துச்சு. சிலதுல ஒருத்தர் துருத்தியை இயக்கணும், இன்னொருத்தர் குழாயைப் பிடிச்சுக் கம்பளத்தைச் சுத்தம் பண்ணணும். அதனால, வயர் இல்லாத மெஷினைப் பார்த்ததும் ஏதோ பாகம் தொலைஞ்சுபோச்சுன்னு நினைக்க வேண்டாம்.

அடுத்தது பெயர்த் தகடு. அதுல பேட்டன்ட் தேதிகள் வரிசையா இருக்கும். கோடு எழுதுற எனக்கு அது ஒரு சேஞ்ச்லாக் மாதிரி. முதல் தேதியைக் காட்டி, "இது 1908 மாடல்"னு யாராவது விலை சொன்னா நம்பாதீங்க. பேட்டன்ட் கிடைச்ச நாள் வேற, மெஷின் செஞ்ச நாள் வேற. கடைசித் தேதிக்கு முன்னாடி அந்தத் தகடு அடிச்சிருக்க முடியாது. அது மட்டும்தான் உறுதி.

கம்பெனி பெயரையும் படிங்க. 'ஹூவர் கம்பெனி'ங்கிற பெயர் 1922-லதான் வந்துச்சு. 1908-ல ஆரம்பிச்சப்போ அது 'எலக்ட்ரிக் சக்ஷன் ஸ்வீப்பர் கம்பெனி'. மெஷினைக் கண்டுபிடிச்சதும் ஹூவர் இல்லை. ஓஹியோவுல கேன்டன் நகரத்துல, ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோரைக் கூட்டிப் பெருக்கின ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்ளர். ஆஸ்துமாக்காரர். பெருக்கும்போது கிளம்புற தூசிதான் அவருக்கு எமன். ஃபேன் மோட்டார், துடைப்பக் கட்டை, தலையணை உறை எல்லாத்தையும் சேர்த்துக் கட்டினார். 1908 ஜூன் 2-ல பேட்டன்ட் கிடைச்சுது. குதிரைச் சேணம் செஞ்சு வித்த வில்லியம் ஹூவர் அந்த உரிமையை வாங்கினார். 1915-ல ஸ்பாங்ளர் இறந்துட்டார். பிரிட்டன்ல இன்னிக்கும் வாக்குவம் பண்றதுக்கே 'ஹூவர் பண்றது'ன்னுதான் பேர்.

அதனாலதான் சொல்றேன், கிடைச்ச உடனே தகடைத் தேய்ச்சுப் பளபளப்பாக்காதீங்க. எழுத்து தேய்ஞ்சா சாட்சியும் போச்சு. முதல்ல போட்டோ எடுங்க, தேதிகளை எழுதி வைங்க. ஆசைக்குக்கூட கரண்ட் கொடுத்துப் பார்க்காதீங்க, பழைய வயரோட உறை உதிர்ந்து ஷாக் அடிக்கும். அந்த மெஷின் ஓட வேண்டியதில்லை. பெருக்கினவரோட கதையை அது சொன்னாலே போதும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.