பன்னிரண்டு கட்டில் அறையும் தாத்தாவின் மாட்டுவண்டியும்

"சொந்த ஊர் எது?" என்று கேட்கும் நம்மாட்களிடம் "பாலக்காட்டுப் பக்கம்" என்று சொன்னால், அடுத்த கேள்வி எனக்கு மனப்பாடம். "ஓ, பாலக்காட்டு ஐயரா?" இல்லீங்க என்று சொன்னதும் பேச்சில் ஒரு சின்ன இடைவெளி விழும். ரெண்டு விநாடிதான் இருக்கும். அப்புறம் விசா, ஸ்னோ, ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும். அமெரிக்காவில் இத்தனை வருஷத்தில் அந்த ரெண்டு விநாடிக்கு நான் பழகிவிட்டேன்.

எங்கள் ஊர் நல்லேப்பிள்ளி. சித்தூர் தாலுகா. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். பொள்ளாச்சிக்குப் போகிற ரோட்டில் நாட்டுக்கல், கோபாலபுரம் தாண்டினால் தமிழ்நாடு. இந்தப் பக்கத்தில் ஐயர் மட்டுமில்லை, இன்னும் எத்தனையோ சாதித் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறோம். அது வெளியே அதிகம் தெரியாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். இன்றைக்குச் சொல்லப் போவது அந்த ரெண்டு விநாடி விழாத ஒரு இடத்தைப் பற்றி.

2007 அக்டோபரில் பாஸ்போர்ட் வேலையாக நியூயார்க் போனேன். அப்போது ஒஹாயோவில் குடியிருந்தேன். போனது போனோம், ஊரையும் சுற்றிப் பார்க்கலாம் என்று ரெண்டு நாள் சேர்த்து லீவு போட்டேன். மன்ஹாட்டன் ஹோட்டல் வாடகையைப் பார்த்ததும் மயக்கம் வராத குறை. ஒரு ராத்திரிக்குக் கேட்ட காசில் நாலு ராத்திரி தங்கலாம் என்று ஆபீஸ் நண்பர் ஒருவர் சொல்லித்தான் ஹாஸ்டலிங் இன்டர்நேஷனலின் நியூயார்க் விடுதிக்குப் போனேன். ஆம்ஸ்டர்டாம் அவென்யூவில், 103-வது தெருப் பக்கம். சிவப்புச் செங்கல்லில் பழைய கோட்டை மாதிரி ஒரு கட்டடம். 600-க்கும் மேல் படுக்கைகள். யூத் ஹாஸ்டல் என்ற பெயரைப் பார்த்து, முப்பது தாண்டிய என்னை உள்ளே விடுவார்களா என்று ஒரு தயக்கம் இருந்தது. கவுண்டரில் இருந்த பையன் பாஸ்போர்ட்டை மட்டும் வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு சாவி அட்டையும் மடித்த பெட்ஷீட்டும் கொடுத்தான். அவ்வளவுதான்.

அறையில் ஆறு அடுக்குக் கட்டில், ஆக மொத்தம் பன்னிரண்டு ஆண்கள். எனக்குக் கிடைத்தது மேல் கட்டில். கீழே ஒரு பிரேசில் பையன், எதிரே ஜெர்மனியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். முதல் ராத்திரி தூக்கமே வரவில்லை. குறட்டை ஒருபக்கம், பர்ஸைப் பற்றிய பயம் ஒருபக்கம். (போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சொந்தமாக ஒரு பூட்டு, துண்டு, ரப்பர் செருப்பு, காதில் வைக்கப் பஞ்சு. இந்த நாலும் இருந்தால் எந்த ஹாஸ்டலிலும் சமாளிக்கலாம்.)

ரெண்டாம் நாள் ராத்திரி பொதுச் சமையலறையில் தயிர்சாதம் கலந்தேன். கையோடு கொண்டுபோன எலுமிச்சை ஊறுகாயும் இருந்தது. ஜெர்மன்காரர் எதிரே உட்கார்ந்து ரொட்டியும் சீஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு வாய் கொடுத்தேன். ஊறுகாயை அப்படியே வாயில் போட்டு, கண்ணில் தண்ணீரோடு சிரித்தார். :-) அப்புறம் அவர் சொன்ன கதையிலிருந்துதான் இதெல்லாம் எனக்குள் ஆரம்பித்தது. ஊருக்குத் திரும்பியதும் தேடிப் படித்தேன்.

ஜெர்மனியில் ஆல்டெனா என்ற ஊரில் ரிச்சர்ட் ஷிர்மன் என்று ஒரு பள்ளி ஆசிரியர். பிள்ளைகளை வகுப்பில் அடைத்து வைக்காமல் காடு, மலை என்று நடத்திக் கூட்டிப் போவது அவர் வழக்கம். 1909 ஆகஸ்ட் 26-ஆம் தேதி அப்படிப் போனபோது வழியில் புயலும் இடியும். பிரோல் பள்ளத்தாக்கில் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினார்கள். பிள்ளைகள் வைக்கோலில் படுத்துத் தூங்க, ஆசிரியருக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. விடுமுறையில் பூட்டிக் கிடக்கிற பள்ளிக்கூடங்களை எல்லாம் நடந்து வரும் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டால் என்ன என்று அந்த ராத்திரியில் தோன்றியிருக்கிறது. 1912-இல் ஆல்டெனா கோட்டையில் முதல் நிரந்தர விடுதி வந்தது. மரத்தால் செய்த அடுக்குக் கட்டில்களை இன்றும் அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். 1932-இல் பல நாட்டுச் சங்கங்கள் ஆம்ஸ்டர்டாமில் கூடி உலகக் கூட்டமைப்பை அமைத்தன. 1934-இல் ஐசபெல், மன்றோ ஸ்மித் தம்பதி அதை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். மாசசூசெட்ஸில் நார்த்ஃபீல்டு என்ற ஊரில் முதல் விடுதி.

இதோடு நின்றால் இது ஒரு நல்ல ஆசிரியரின் கதை. ஆனால் ஜெர்மன்காரர் அங்கே நிற்கவில்லை. 1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் அந்த விடுதிகள் ஹிட்லர் இளைஞர் படையின் கைக்குப் போயின. ஷிர்மன் ஜெர்மன் சங்கத்தின் பொறுப்பிலிருந்து வெளியேற்றப்பட்டார். 1936-இல் உலகக் கூட்டமைப்பின் தலைமையையும் விட வேண்டி வந்தது. யூதப் பிள்ளைகளுக்குக் கதவு சாத்தப்பட்டது. அதே கோட்டை, அதே கட்டில், ஆனால் இன்னார்தான் படுக்கலாம் என்று ஆகிவிட்டது.

நான் படுத்திருந்த கட்டடத்துக்கும் ஒரு கதை உண்டு. அதை 1883-இல் கட்டி முடித்தவர் ரிச்சர்ட் மோரிஸ் ஹன்ட். சுதந்திர தேவி சிலையின் பீடத்தை வடிவமைத்தாரே, அவர்தான். கட்டியது பயணிகளுக்காக அல்ல. 'மரியாதைக்குரிய வயதான ஏழைப் பெண்களுக்கு உதவும் சங்கம்' என்று ஒன்று நியூயார்க்கில் 1814-இல் தொடங்கியது. போரில் கணவனை இழந்தவர்கள் உட்பட, ஆதரவில்லாத வயதான பெண்களுக்கு உதவியது. அதன் முதியோர் இல்லம்தான் இது. நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் பெயரிலேயே 'மரியாதைக்குரிய' என்ற சொல்லைப் பாருங்கள். எல்லா ஏழைப் பாட்டிக்கும் இடமில்லை, கௌரவமான ஏழைப் பாட்டிக்குத்தான். 1970-களில் அந்த இல்லம் மூடப்பட்டு, கட்டடம் இடிபடும் நிலைக்குப் போய், 1983-இல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டுத் தப்பியது. 1990-இல் ஹாஸ்டலாகத் திறந்தார்கள்.

அங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் ஹார்லெம். அங்கே வாழ்ந்த விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால்காரர் 1936-இல் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். எந்த ஊரில் எந்த விடுதி கறுப்பர்களை உள்ளே விடும் என்ற பட்டியல். கிரீன் புக் என்று பெயர். 1960-களின் நடுப்பகுதி வரை வந்துகொண்டிருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு குடும்பத்தோடு கார் ஓட்டிப் போன மனிதர்களை நினைத்துப் பாருங்கள். ராத்திரி எங்கே தங்குவது என்று தெரியாமல் கிளம்புகிற தைரியம் அவர்களுக்குக் கிடையாது, இருக்கவும் முடியாது. விடுதிகளில் அப்படிப் பிரித்து வைப்பது சட்டப்படி தவறு என்று ஆனது 1964-இல்தான்.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் தாத்தா.

தாத்தா மாட்டுவண்டிக்காரர். 1940-களில் நல்லேப்பிள்ளியிலிருந்து பொள்ளாச்சிச் சந்தைக்கு பாரம் ஏற்றிப் போவார். சித்தூர் அப்போது கொச்சி ராஜ்ஜியம், பொள்ளாச்சி மதராஸ் மாகாணம். ராத்திரி கிளம்பி, வழியில் ஒரு சத்திரத்துப் பக்கம் மாட்டை அவிழ்த்து, தண்ணீர் காட்டிவிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து போவார்களாம். சத்திரத்துக்கு உள்ளே எங்கள் ஆட்களுக்கு இடமில்லை. திண்ணையிலும் இல்லை. வண்டிக்கு அடியில் சாக்கு விரித்துப் படுக்க வேண்டியதுதான். ஒரு ஆவணி மாசம் கொட்டு கொட்டென்று மழை. திண்ணை பாதி காலியாகக் கிடந்தது. தாத்தா மாட்டுக்குப் பக்கத்தில் நின்றபடியே விடிய வைத்திருக்கிறார்.

"கேட்டுப் பாக்கலையா தாத்தா?" என்று சின்ன வயதில் நான் கேட்டேன்.

"கேட்டா இல்லைம்பான். இல்லைன்னு சொல்லிக் காதுல கேக்கறதுக்கு, மழையே தேவலை கண்ணு" என்றார்.

அந்தச் சத்திரம் இப்போது இல்லை. இருந்தாலும் பெயர் சொல்லிப் பயனில்லை, அன்றைக்கு ஊர் முழுக்க அப்படித்தான். கொச்சி, திருவிதாங்கூர் அரசுகள் வழிப்போக்கருக்காக ஊட்டுப்புரைகள் நடத்தின. அரசாங்கச் செலவில் சாப்பாடு, ஆனால் பிராமணர்களுக்கு. அதற்கு வரி கட்டியவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு.

எல்லா இடத்திலும் ஒரே மாதிரி என்றும் சொல்லிவிட முடியாது. தஞ்சாவூரில் சரபோஜி மன்னர் 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்குத் தம் சத்திரங்களைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். பிராமணர் முதல் பறையர் வரை எல்லா வழிப்போக்கருக்கும் அங்கே சோறு உண்டு, நோய் வந்தால் வைத்தியம் உண்டு என்று அதில் விவரமாகச் சொல்கிறார். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் அவர் கட்டியதுதான். பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துப் போட்டார்களா என்பது வேறு விஷயம். ஆனாலும் யாரையும் பசியோடு அனுப்பக் கூடாது என்ற எண்ணம் நம்மிடமும் இருந்தது.

ஒரே பந்தி, ஒரே கூரை என்ற அடுத்த படியை எங்கள் ஜில்லாவிலேயே ஒருவர் ஏறினார். பாலக்காட்டுக்குப் பக்கத்தில் அகத்தேத்தறையில் சபரி ஆசிரமம் என்று இருக்கிறது. டி.ஆர். கிருஷ்ணசாமி ஐயர் 1923-இல் தொடங்கியது. எல்லா சாதிப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகப் படித்தார்கள். அதற்காக அவருடைய சொந்த சமூகமே அவரை ஒதுக்கி வைத்தது. காந்தி முதலில் 1925-லும் அப்புறம் இன்னும் ரெண்டு தடவையும் அங்கே வந்திருக்கிறார். அந்தக் காலத்தை நினைத்துப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். 1924-இல் பாலக்காட்டுக் கல்பாத்தியில் அக்ரகாரத் தெரு வழியாக ஈழவர்கள் நடந்ததற்கே அடிதடி. அதே சமயத்தில் தமிழ்நாட்டில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பையன்களுக்குத் தனிப்பந்தி போட்ட விவகாரம் காங்கிரஸையே உலுக்கிக்கொண்டிருந்தது. 'ஓ, பாலக்காட்டு ஐயரா?' என்று என்னைக் கேட்கிறவர்களிடம் இந்த ஐயரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

1950-இல் அரசியல் சட்டம் கடை, ஹோட்டல் எதிலும் சாதி பார்த்துத் தடுக்கக் கூடாது என்றது. 1955-இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் தர்மசாலை, சராய், முசாபர்கானா என்று தங்குமிடங்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அப்படிச் சொல்ல வேண்டிய நிலைமை இருந்தது என்றுதானே அர்த்தம். அதற்குள் எங்கள் தாத்தா வண்டியை விற்றுவிட்டார்.

நியூயார்க்கில் மூன்றாம் நாள் ராத்திரி மேல் கட்டிலில் படுத்தபடி அம்மாவுக்குப் போன் போட்டேன். ஒரே ரூமில் பன்னிரண்டு பேர் என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "என்ன ஆளுகடா அவங்க எல்லாம்?"

சிரிப்பதா, வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. வண்டிக்கு அடியில் படுத்தவரின் மகள் கேட்கிறாள்.

அம்மாவைச் சொல்லி என்ன? அமெரிக்கா வந்த புதிதில் நானும் மூன்று தமிழ்ப் பையன்களோடு ஒரு அபார்ட்மென்ட்டில் இருந்தேன். நாலாவது ஆள் தேடியபோது நாங்கள் எழுதிப் போட்ட விளம்பரத்தில் 'வெஜிடேரியன் மட்டும்' என்று இருந்தது. அந்த வீட்டில் முட்டை சாப்பிடாதவர் ஒரே ஒருவர்தான். அந்த வார்த்தை எதற்கு என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டால் அந்த ரெண்டு விநாடி விழுமே என்ற பயம். தாத்தா கேட்காமல் மழையில் நின்றார். நான் கேட்காமல் வீட்டுக்குள்ளே இருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

பல ஹாஸ்டல்களில் ஒரு வேடிக்கையான விதி உண்டு. உள்ளூர்க்காரருக்கு இடம் கிடையாது, வெளியூர் முகவரி காட்ட வேண்டும். வெளியூர்க்காரன் என்பதுதான் தகுதி. நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறு ஏது?

போன வருஷம் என் மகள் கல்லூரித் தோழிகளோடு ஐரோப்பா போனாள். ஹாஸ்டலில் எட்டுப் பேர் அறை. வீட்டுக்காரிக்கு ஒரே கவலை, "யார் யாரோட இருக்கப் போறாளோ." நான் மகளிடம் பூட்டு, துண்டு, ரப்பர் செருப்பு, பஞ்சு என்று பட்டியல் சொன்னேன். கூடவே ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாயும் வைத்தேன். தயிர்சாதம் கலந்தால் ரெண்டு பேருக்குச் சேர்த்துக் கல, எதிரே இருக்கிறவர்களிடம் நீயே முதலில் நீட்டு என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.