யார் இந்த மா.கிருஷ்ணன்? காக்கா, அணில், யானையை வரைந்து 46 வருஷம் எழுதியவரின் கதை

திண்டிவனத்தில் பஸ் ஏறி சென்னைக்குப் போகிறவர்களுக்கு படாளம் கூட்டுரோடு நல்லாவே தெரியும். மதுராந்தகம் ஏரியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வரும் அந்த இடத்தில்தான் வேடந்தாங்கலுக்கு ரோடு பிரிகிறது. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் படித்தவர்களில் பலர் ஸ்கூல் டூர் என்று ஒரு தடவையாவது அங்கே போயிருப்பார்கள்.

அந்த வேடந்தாங்கல் பறவைகளைப் பற்றி 1960-லேயே வனத்துறைக்காக ஒரு சிறு நூல் எழுதிக் கொடுத்தவர் மா.கிருஷ்ணன். எழுத்தாளர், ஓவியர், புகைப்படக்காரர், காட்டுயிர் ஆய்வாளர் என்று நான்கு வேலையையும் ஒரே ஆளாகச் செய்தவர். பத்மஸ்ரீ வாங்கியவர். ஆனாலும், "யாருங்க அவரு?" என்று கேட்பவர்கள்தான் நம்மில் அதிகம்.

எந்த ஊர்க்காரர்?

1912 ஜூன் 30 அன்று திருநெல்வேலியில் பிறந்தார். அப்பா பெயரைச் சொன்னால் தமிழ் படித்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ.மாதவையா. தமிழின் ஆரம்பகால நாவலாசிரியர்களில் ஒருவர். அவருக்கு எட்டுப் பிள்ளைகள். கிருஷ்ணன்தான் கடைக்குட்டி.

உப்பு, சுங்கத் துறை வேலையில் இருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்ற மாதவையா, மயிலாப்பூரில் வீடு கட்டி 'பஞ்சாமிர்தம்' என்ற பத்திரிகையை நடத்தினார். அன்றைய மயிலாப்பூர் இப்போது இருப்பது போல இல்லை. வீடுகள் முடிகிற இடத்தில் புதர்க்காடு தொடங்கும். அதில் பறவைகள், நரி, வெளிமான் எல்லாம் இருந்தன. சின்னப் பையன் கிருஷ்ணன் வீட்டில் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தார். 1925-ல் அப்பா திடீரென்று காலமானபோது அவருக்கு வயது 13.

படம் வரையக் கற்றது எங்கே?

இந்தக் கதையின் முக்கியமான இடம் இதுதான். ஓவியப் பள்ளியில் சேர்ந்து படித்து அவர் ஓவியர் ஆகவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்தார். அங்கே பேராசிரியராக இருந்த பி.எஃப்.ஃபைசன், நீலகிரி, பழனி மலைகளின் செடிகொடிகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். செடி தேடி மலைக்குப் போகும்போது கிருஷ்ணனையும் கூட்டிக்கொண்டு போவார். அந்த நூலின் படங்களில் பலவற்றை வரைந்தவர் ஃபைசனின் மனைவி. அவரிடம்தான் கிருஷ்ணன் வாட்டர்கலர் கற்றுக்கொண்டார்.

செடியை வரைகிறவர் மனசில் தோன்றுவதை வரைய முடியாது. பூவுக்கு இதழ் ஐந்தா ஆறா, இலையின் விளிம்பு வழவழப்பா பல்பல்லாக இருக்கிறதா, காம்பு எந்த இடத்தில் சேர்கிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் கோடு போடணும். ஒரு கோடு தப்பினால் அது வேறு செடி. விலங்கு, பறவைகளை வரைந்தபோதும் கிருஷ்ணன் இந்தப் பழக்கத்தை விடவில்லை. அவருடைய படங்களில் அழகைவிட அடையாளம் முதலில் நிற்பதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

வேலை கிடைத்ததா?

இல்லை! காடு மேடு சுற்றியதில் பரீட்சை மதிப்பெண் சுமாராகத்தான் வந்தது. 1931-ல் பி.ஏ., அப்புறம் தாவரவியலில் எம்.ஏ., 1936-ல் சட்டப் படிப்பு. வக்கீல் தொழில் அவருக்கு ஒட்டவில்லை. சின்னப் பத்திரிகைகளுக்குக் கட்டுரை, கார்ட்டூன், கோட்டோவியம் என்று கொடுத்துக்கொண்டிருந்தார். அச்சகம், வானொலி என்று கொஞ்ச காலம் அங்கங்கே வேலை. 1937-ல் கல்யாணமும் ஆகிவிட்டது. (இவருடைய அண்ணன் அனந்தநாராயணன் ஐ.சி.எஸ். தேறி, பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானவர். ஒரே வீட்டில் இப்படி ஒருவர், அப்படி ஒருவர்.)

1942-ல் ஒரு வழி பிறந்தது. பெல்லாரி பக்கம் இருந்த சண்டூர் சமஸ்தானத்தில் வேலை. அங்கே அவர் பார்க்காத வேலை இல்லை. பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவின் அரசியல் செயலாளர் என்று மாறி மாறி இருந்தார். நடுவில் ஆடு மேய்த்துப் பார்த்தார், செய்தி கொண்டுபோகும் புறா வளர்த்தார். சண்டூரைச் சுற்றி மலையும் காடும் இருந்ததால், மற்ற நேரமெல்லாம் அங்கேதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. அரசு வேலைக்கு வரச் சொல்லிக் கேட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 38 வயதை நெருங்கும் நேரம், மனைவி, குழந்தை என்று குடும்பம் இருக்கிறது. மாதச் சம்பளம் தேடி வருகிறது, அதை விட்டுவிட்டு எழுதியும் வரைந்துமே பிழைப்பேன் என்று சென்னைக்குத் திரும்பினார். இன்றைக்கு 'ஃப்ரீலான்சர்' என்று பயோவில் போட்டுக்கொள்கிறோம். 1950-ல் காட்டு விலங்கை எழுதி, வரைந்து சோறு சாப்பிட முடியும் என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

46 வருஷம் ஓடிய பத்தி

கொல்கத்தாவில் இருந்து வரும் 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950-ல் 'கன்ட்ரி நோட்புக்' என்ற பத்தியைத் தொடங்கினார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பல கட்டுரைகளுக்குப் படமும் அவரே போட்டார். அந்தக் காலத்து நியூஸ்பிரின்ட் தாளில் போட்டோ அச்சாகி வந்தால் பாதி நேரம் கறுப்புத் திட்டாகத்தான் இருக்கும். பேனா மையில் போட்ட கோடு அப்படியே பளிச்சென்று விழும். எழுதத் தெரிந்தவருக்கு வரையவும் தெரிந்தது எவ்வளவு பெரிய வசதி, பாருங்க.

எதை எழுதினார்? புலி, யானை மட்டும் இல்லை. காக்கா, அணில், ஓணான், தெருவில் நிற்கும் கழுதை, வாசலில் நிற்கும் மரம் எல்லாம் வரும். 1961-ல் வந்த அவருடைய நூலின் பெயரே 'ஜங்கிள் அண்ட் பேக்யார்ட்'. காடும் கொல்லைப்புறமும் அவருக்கு ஒன்றுதான். ரோட்டோரம் வெளிநாட்டு மரங்களை நட்டுவிட்டு நம்ம ஊர் மரங்களை மறப்பதைக் கடுமையாகத் திட்டினார். புங்கனும் புளியும் இருக்க குல்மோகர் எதுக்கு என்று இப்போது பேசுகிறோமே, அதை அவர் எப்போதோ சொல்லிவிட்டார்.

சொந்தமாகச் சேர்த்துக் கட்டிய கேமரா

புகைப்படத்திலும் பிடிவாதக்காரர். கடைசி வரை கறுப்பு வெள்ளைதான். உடம்பு ஒரு கம்பெனி, லென்ஸ் வேறு கம்பெனி என்று துண்டு துண்டாகச் சேர்த்து ஒரு கேமராவைத் தானே கட்டினார். அதற்கு வைத்த பெயர் 'சூப்பர் பாண்டரோசா'. முதுமலையில் யானை மேல் உட்கார்ந்து அதை வைத்துத்தான் காட்டு யானைகளைப் படம் பிடித்தார். வீட்டு இருட்டறையில் பிரின்ட் போடுவதும் அவரே.

1968-ல் நேரு ஃபெலோஷிப் கிடைத்தது. அதை வைத்துத் தீபகற்ப இந்தியாவின் காடுகளில் பெரிய பாலூட்டிகளை நேரில் போய் ஆராய்ந்தார். அந்த ஆய்வு 1975-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நூலாக வந்தது. 1970-ல் பத்மஸ்ரீ. 'புராஜெக்ட் டைகர்' திட்டத்தின் வழிகாட்டுக் குழுவிலும் இருந்தார்.

நம்ம பக்கத்துக்கு என்ன சம்பந்தம்?

திரும்பவும் வேடந்தாங்கலுக்கு வருவோம். அந்த ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். தண்ணீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் நத்தைக்குத்தி நாரை, நீர்க்காகம், வக்கா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் என்று கூடு கட்டும். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பது ஊர் விவசாயிகளுக்குத் தெரியும். வெள்ளைக்கார சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டரிடம் முறையிட்டு, 1798-லேயே பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். சரணாலயம் என்ற அறிவிப்பு 1936-ல்தான் வந்தது. கிருஷ்ணன் எழுதப் போனது இப்படி ஊரே காப்பாற்றி வைத்திருந்த ஏரியைப் பற்றி.

விழுப்புரம் மாவட்டத்திலேயே இப்போது அப்படி ஒரு இடம் இருக்கிறது. திண்டிவனத்துக்குக் கிழக்கே, மரக்காணம், வானூர் வட்டங்களில் பரந்து கிடக்கும் கழுவெளி. ஏரித் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கிற இந்த உவர்நீர் நிலம் 5,000 ஹெக்டேருக்கும் மேல். 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2024-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. வேடந்தாங்கலைவிடப் பல மடங்கு பெரிசு. ஆனால் டூர் பஸ் இன்னும் படாளத்துக்குத்தான் திரும்புகிறது.

தமிழில் படிக்க என்ன இருக்கு?

ஆங்கிலத்தில்தான் அதிகம் எழுதினார் என்றாலும் தமிழை விடவில்லை. பெரியசாமி தூரன் பதிப்பித்த தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு உயிரினங்களைப் பற்றி எழுதிக் கொடுத்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைச் சு.தியடோர் பாஸ்கரன் தொகுத்தார். 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தேடினால் கிடைக்கும். சின்னச் சின்னக் கட்டுரைகள், பஸ்ஸில் உட்கார்ந்தே முடித்துவிடலாம். 'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்று ஒரு துப்பறியும் நாவலும் எழுதியிருக்கிறார் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பேத்திக்காக ஏ முதல் இசட் வரை விலங்குகளைப் பாட்டாக எழுதி, படமும் வரைந்து கொடுத்தது பின்னாளில் ஆங்கிலத்தில் புத்தகமாக வந்தது.

1996 பிப்ரவரி 18 அன்று கிருஷ்ணன் காலமானார். அன்றைய ஸ்டேட்ஸ்மன் பேப்பரிலும் அவருடைய பத்தி வந்திருந்தது.