அறமும் சமயமும்

கடலூர் மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடி வட்டத்தைச் சேர்ந்த வடலூரிலே இராமலிங்க அடிகள் நிறுவிய நிலையங்கள் இரண்டு உள. பசித்தோர்க்கு அன்னமிடும்பொருட்டு 1867-ஆம் ஆண்டில் தோன்றியது தருமசாலை. வழிபாட்டின்பொருட்டு 1872-ஆம் ஆண்டில் தோன்றியது சத்திய ஞான சபை. முன்னது தருமம் என்பதில் ஒருவர்க்கும் ஐயமில்லை. பின்னதுபோல வழிபாட்டிற்கென விடப்படும் சொத்தும் சட்டத்தின்படி தருமச் சொத்தாகுமா? இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

நம் முன்னோர்க்கு இவ்வினாவே எழுந்ததில்லை. வேள்வி முதலியவற்றை இட்டம் என்றும், குளமுங் கிணறுந் தோண்டுதல், சோலை வைத்தல், அன்னமிடுதல், ஆலயம் எடுத்தல் ஆகியவற்றைப் பூர்த்தம் என்றும் தரும நூல்கள் வகுத்தன. அன்னசாலையும் ஆலயமும் அங்கே ஓரினமாகவே எண்ணப்பட்டமை காண்க.

ஆங்கில நாட்டுச் சட்டம் வேறு வழியால் வளர்ந்தது. 1601-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முகவுரையிற் கண்ட தருமங்களை அடியாகக் கொண்டு, 1891-இல் பெம்சல் வழக்கில் பிரபுக்கள் சபையார் தருமத்தை நால்வகைப்படுத்தினர். வறுமை நீக்கல், கல்வி வளர்த்தல், சமயம் வளர்த்தல், பொதுமக்கட்குப் பயன்படும் பிற செயல்கள் என்பன அவை. ஆயின் அதற்கு ஓராண்டு முன்னரே, 1890-இல் இந்தியாவில் இயற்றப்பட்ட தரும நிதிச் சட்டம், முற்றிலும் சமய போதனையையோ வழிபாட்டையோ பற்றிய நோக்கம் தரும நோக்கமாகாது என விலக்கியது. எனவே ஒரே சொல் ஒரு சட்டத்தில் சமயத்தைத் தழுவியும் மற்றொன்றில் அதனை ஒழித்தும் நின்றது.

'டிரஸ்டு' என்னும் சொல்லும் இத்தகையதே. சென்னை மாகாணத்து மடமொன்றைப் பற்றி எழுந்த வித்தியா வாருதி தீர்த்தர் வழக்கில், மடாதிபதி ஆங்கிலச் சட்டம் கருதும் டிரஸ்டி அல்லர் என 1921-இல் பிரிவி கௌன்சில் தீர்த்தது. தேவதானமும் மடச் சொத்தும் இந்நாட்டு மரபிற் பிறந்தவை. அவற்றை அயல்நாட்டு அளவுகோல் ஒன்றையே கொண்டு அளத்தல் பொருந்தாதென்பது அதன் கருத்து.

இனி, சமயத்தின் பெயராற் செய்யப்படுவன எல்லாம் நிலைபெறுமோ எனின், பெறா. தனிமனிதர் ஒருவரை அடக்கஞ்செய்த சமாதியில் நித்திய பூசையும் குருபூசையும் என்றென்றும் நடத்துமாறு எழுதப்பட்ட சாசனம் ஒன்று இந்திய உச்சநீதிமன்றத்தில் ஆராயப்பட்டது. அத்தகைய சமாதி வழிபாடு இந்துதரும நூல்கள் ஒப்பிய சமய நோக்கமாகாது. ஆதலின் அவ்வர்ப்பணம் செல்லாது என்று 1953-இல் முடிபு கூறப்பட்டது. தெய்வமாகப் போற்றப்படும் அருளாளர் நிலை வேறென்பதும் அத்தீர்ப்பிலேயே குறிக்கப்பட்டது. குருபூசைக் கட்டளை எழுதும் சைவ அன்பர் இவ்வேறுபாட்டை நன்கு மனங்கொள்ளல் வேண்டும். எழுதியவர் எண்ணம் தூயதேயாயினும் சாசனம் வீழ்ந்தவிடத்துப் பூசையும் வீழும்.

1961-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டம் தரும நோக்கம், சமய நோக்கம் என இரண்டினையும் உடன்கூறி வரிவிலக்களித்தது. எனினும், பொதுமக்கட்குப் பயன்படாத தனிச் சமய நோக்கத்திற்கு அவ்விலக்கை மறுத்தது. ஈண்டு உரைகல்லாவது பெயரன்று, பொதுப்பயனே.

இவற்றால் துணியப்படுவது யாதெனின், சமயச் சொத்து தருமச் சொத்தாகுமா என்பதற்கு எல்லாச் சட்டங்கட்கும் பொதுவான ஒரு விடை இல்லை என்பதே. எச்சட்டத்தின்படி வினவுகின்றோம், பயன் யாரைச் சென்றடைகின்றது, சாசனம் என்ன சொல்லுகின்றது என்னும் மூன்றினையும் நோக்கியே விடை கூறல் வேண்டும். ஆதலின் கட்டளை வைப்போர், 'தருமத்திற்கு' எனப் பொதுப்பட எழுதி அமையாது, பூசைக்கு இவ்வளவு, அடியார்க்கும் ஏழையர்க்கும் அன்னத்திற்கு இவ்வளவு, கல்விக்கு இவ்வளவு எனப் பகுத்தெழுதுதல் நன்று. நம் நூல்கள் ஒன்றாகக் கண்ட அறத்தைச் சட்டம் கூறுபடுத்தியே காணும். அக்கூறுபாட்டை அறிந்து எழுதினாலன்றி, இறைவனுக்கென விட்ட நிலம் வழக்காடுவார் கைப்பொருளாய் முடியும்.