கொழுந்தெடுக்கும் கையும் தசையின் கதையும்

ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வால்பாறைக்குச் சென்றவர்கள், அங்குள்ள தேயிலைச் சரிவுகளின் பசுமையை மறக்கமாட்டார்கள். நான் மறவாதது வேறொன்று. ஒரு மாலை, கொழுந்து நிறுக்குமிடத்தில் ஒரு பெண் தன் மூட்டையை இறக்கினாள். எடை குறைந்திருந்தது. "சோம்பேறி" என்று மேற்பார்வையாளர் ஒரே சொல்லில் தீர்ப்பளித்தார். அவள் மறுமொழி கூறவில்லை. மூச்சு வாங்க நின்றாள். அருகிலிருந்த நானும் வாய் திறக்கவில்லை. அச்சொல் நியாயந்தானா என்ற வினாவே என்னைத் தசையின் வரலாற்றிற்கு இட்டுச் சென்றது.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியரான கால்வானி, இறந்த தவளையின் கால் மின்சாரத்தால் துடிப்பதைக் கண்டார். நரம்பு தரும் கட்டளை மின் தன்மையுடையது என்ற எண்ணம் அன்றே முளைத்தது. ஆனால், கட்டளை பெற்ற தசைக்குள் நிகழ்வது யாது? தசைப் புரதமே மடிந்து குறுகுகிறது என்று பலர் கருதி வந்தனர்.

1954-ஆம் ஆண்டு மே மாதம் 'நேச்சர்' இதழில் ஒருங்கே வெளிவந்த இரு கட்டுரைகள் இக்கருத்தை மாற்றின. ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்கேயும் ஒன்றை எழுதினர். ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் மற்றொன்றை எழுதினர். ஹக்ஸ்லிகள் இருவரும் உறவினரல்லர். வெவ்வேறு வழியில் சென்று ஒரே முடிவை எய்தினர்.

உங்கள் இரு கை விரல்களையும் எதிரெதிரே கோத்து உள்நோக்கித் தள்ளிப் பாருங்கள். விரல்கள் குறுகவில்லை, கைகள் மட்டும் நெருங்குகின்றன. தசையிலும் இதுவே நிகழ்கிறது. மயோசின் என்னும் தடித்த இழைகளுக்கிடையே ஆக்டின் என்னும் மெல்லிய இழைகள் வழுக்கிச் செல்கின்றன. நரம்பின் கட்டளை வந்ததும் தசைக்குள் கால்சியம் வெளிப்பட்டுத் தடையை நீக்குகிறது. இதனை 1960-களில் தெளிவாக்கியவர் ஜப்பானியரான எபாஷி. உடனே மயோசினின் தலைகள் ஆக்டினைப் பற்றி, வடம் இழுப்பவர்களைப்போல் இழுக்கின்றன. பற்றிய பிடியை விட்டு மீண்டும் பற்றுவதற்கு ஏ.டி.பி. என்னும் பொருள் வேண்டும். அது அற்றுப்போவதால்தான் இறந்த உடல் விறைக்கிறது.

தசையிலுள்ள ஏ.டி.பி. சில விநாடிகளுக்கே போதும். நாள் முழுதும் உழைப்பவர்க்கு அதனை இடைவிடாது ஆக்கித்தர உணவும் பிராணவாயுவும் தேவை. குளிர் தசையை மந்தமாக்கும். பயிற்சி அதனை வலுவாக்கும். பிராணவாயுவைச் சுமந்து வருவதோ இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். அதற்கு இன்றியமையாதது இரும்புச் சத்து. அது குறைந்தால், விறகிருந்தும் காற்றோட்டமில்லாத அடுப்பின் நிலைதான்.

இதற்குச் சான்று மற்றொரு தேயிலை நாட்டிலிருந்து கிடைத்தது. எட்ஜர்டன் முதலிய ஆராய்ச்சியாளர் இலங்கைத் தோட்டத் தொழிலாளரிற் சிலருக்கு இரும்பு மருந்தும், சிலருக்கு மருந்தற்ற மாத்திரையும் அளித்துச் சோதித்தனர். முடிவை 1979-இல் வெளியிட்டனர். ஒரு மாதத்தில், இரும்பினால் ஹீமோகுளோபின் உயர்ந்தவர்கள் மற்றவர்களைவிட மிகுதியாகக் கொழுந்தெடுத்தனர். இரத்த சோகை கடுமையாயிருந்தவரிடமே முன்னேற்றம் அதிகம். அவர்களுக்கு எவரும் சுறுசுறுப்பைப் போதிக்கவில்லை. இரத்தத்தின் குறையை நீக்கினர், அவ்வளவே.

வால்பாறையில் நான் கண்ட பெண்ணுக்கும் அக்குறை இருந்ததா? எவரும் சோதிக்கவில்லை, ஆதலால் நான் துணிந்து கூறமாட்டேன். சோதியாமலே தீர்ப்பளித்தது பிழை. அதைக் கேட்டும் நான் வாளாவிருந்தது அதனினும் பெரிய பிழை. நாளை நீங்கள் மருத்துவராகவோ மேலதிகாரியாகவோ ஆகும்போது, தளர்ந்த கையைக் கண்டால் முதலில் அதன் காரணத்தைத் தேடுங்கள்.