ஆம்பி, காளாம்பி, காளான்

ஐப்பசி மழை விட்ட மறுநாள் விடிந்ததும் ஆச்சியோடு காளான் பறிக்கப் போவோம். சேரன்மகாதேவிக்கு மேற்கே, வயலை ஒட்டிய மேட்டில் கறையான் புற்று. "எலே, குடையைப் பைய திருகி எடு. புத்தைக் கிண்டிராத, அடுத்த வருசமும் வேணும்லா" என்பாள் ஆச்சி. தண்டு மண்ணுக்குள் எவ்வளவு தூரம் போகிறதென்று பார்க்க ஆசையாக இருக்கும், விடமாட்டாள். மேலே தெரிவதற்குக் காளான் என்று பெயர். கீழே கிடப்பதற்கு எங்கள் வீட்டில் பெயரே கிடையாது. பெயர் இல்லாத அந்தப் பகுதி இன்று பொடியாகி, குப்பியில் அடைபட்டு, காளான் என்ற பெயரிலேயே மருந்துபோல விற்பனைக்கு வருகிறது. அதனால்தான் இந்தச் சொல்லின் தடத்தைத் தேடத் தொடங்கினேன்.

சங்க நூல்களில் காளானுக்குப் பெயர் ஆம்பி. புறநானூற்றின் 164ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார் தம் வறுமையை வள்ளல் குமணனிடம் சொல்லும்போது, சமையலை மறந்துபோன அடுப்பில் ஆம்பி பூத்திருப்பதைக் காட்டுகிறார். சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனாரும் அப்படி ஓர் அடுக்களைக்கு நம்மை அழைத்துப் போகிறார். கறையான் அரித்த பழஞ்சுவர்ப் புழுதியில், உள்ளே துளை உள்ள காளான் பூத்திருக்கிறது. பசியில் இடை ஒடுங்கிய பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைக்கிறாள். சுவரில் பூத்ததை அவள் பறித்ததாகப் பாட்டில் இல்லை. வறுமையின் அடையாளமாகவே அது அங்கே நிற்கிறது.

நத்தத்தனார் ஆளும் சொல் காளாம்பி. ஆம்பிக்கும் காளானுக்கும் நடுவில் நிற்கும் சொல் இதுதான். பின்பாதியில் ஆம்பி முழுதாக இருக்கிறது. பேச்சில் அது தேய்ந்து 'ஆன்' ஆகியிருக்க வேண்டும். முன்பாதியில் காளமேகத்தில் உள்ள கருமை இருக்கலாம் என்பது என் ஊகம். புற்றுக்காளானின் குடை உச்சியைப் பார்த்தவர்களுக்கு அந்த ஊகம் வியப்பாக இராது. நடுவில் கருத்த கூர் ஒன்று நிற்கும். கறையானையும் காளானையும் சேர்த்துப் பார்த்தது பாட்டு மட்டுமல்ல. தெலுங்கில் காளானுக்குப் புட்டகொடுகு என்று ஒரு பெயர். புற்றுக்குடை என்று பொருள். நம் நாய்க்குடைக்கு அங்கே குக்ககொடுகு. உண்மையில் கறையானும் ஒரு காளான் விவசாயிதான். மென்ற மரத்தூளையும் சருகையும் கூட்டுக்குள் பாத்தி கட்டி, அதில் பூசண இழையை வளர்த்துத் தின்கிறது.

இரண்டு புலவரும் ஆண்ட வினையைக் கவனியுங்கள்: பூத்தல். முளைத்தல் என்று சொல்லவில்லை. இன்றும் எங்கள் பக்கம் ஊறுகாய்ச் சாடியைத் திறந்தால் "பூசணம் பூத்துட்டு" என்றுதான் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரிவது பூ என்றால், செடி வேறெங்கோ மறைந்திருக்கிறது. அறிவியலும் இதையேதான் சொல்கிறது. குடை என்பது வித்துத்தூள் பரப்பும் உறுப்பு; உடல் என்பது மண்ணிலோ மரத்திலோ பரவிய வெள்ளை இழை.

காளான் பண்ணைகள் வந்தபோது அந்த இழைக்கும் ஒரு பெயர் கிடைத்தது: வித்து. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கையேடுகளில் தாய் வித்து, படுக்கை வித்து என்று இருக்கும். வித்து தயாரிக்கச் சோளத்தை அரைவேக்காடாக வேகவைத்து, ஈரம் உலர்த்தி, கிலோவுக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட் கலந்து, பையில் அடைத்து, நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்குவார்கள். பிறகு தாய் வித்தைச் சேர்த்தால், இரண்டு மூன்று வாரத்தில் ஒவ்வொரு சோளமணியும் பஞ்சு போர்த்தியதுபோல் வெளுத்துவிடும். அதை வைக்கோல் படுக்கையில் தூவினால் சிப்பிக்காளான் பூக்கும். பெயருக்கு வித்து, கையில் இருப்பது இழை படர்ந்த தானியம்.

சிக்கல் இங்கேதான். அந்த இழையையும் சோளத்தையும், வெளிநாடுகளில் ஓட்ஸையும் அரிசியையும், பிரிக்காமல் அப்படியே உலர்த்திப் பொடித்தால் அதில் தானிய மாவு பெரும்பங்கு நின்றுவிடும். காளானின் பீட்டா குளுக்கன் என்ற நார்ச்சத்துக்காகத்தான் மக்கள் பணம் கொடுக்கிறார்கள், கிடைப்பதோ மாவுச்சத்து. சீனர்கள் லிங்ஷி என்று போற்றும் கானோடெர்மா காளானை எடுத்துக்கொள்ளுங்கள். (அதே பேரினத்துக் காளான் நம் தென்னையைத் தாக்கும்போது நாம் வைத்த பெயர் தஞ்சாவூர் வாடல்.) அமெரிக்காவில் கானோடெர்மா என்ற பெயரில் விற்ற 19 மாதிரிகளை ஆராய்ந்து 2017இல் ஒரு கட்டுரை வெளியானது. பெயருக்கு ஏற்ற சரக்கு இருந்தவை 5 மட்டுமே.

குடையாகப் பூத்த காளானில் நல்லது நிறைய உண்டு. சிப்பிக்காளானில் கொழுப்பைக் குறைக்கும் லோவாஸ்டாட்டின் இயற்கையாகவே சிறிதளவு இருக்கிறது. நறுக்கி வெயிலில் காட்டினால் அதில் உள்ள எர்கோஸ்டிரால் வைட்டமின் டி2 ஆகிறது. மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாப்பிடும் அளவுக்கு இவை மருந்தாகா; நல்ல உணவு.

பொடி வாங்குபவர்கள் ஒன்று கேளுங்கள்: இது குடையா, தானியத்தில் வளர்த்த இழையா? விற்பவர் மழுப்பினால், ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்து ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். கருநீலமாக மாறினால் அதில் மாவு இருக்கிறது.