கணினிக்குள் பிறந்த துடிப்பு

நரம்பில் ஓடும் மின்துடிப்பு ஏறக்குறைய ஒரு மில்லிவிநாடியில் அடங்கிவிடும். இதயத்தின் கீழறையிலோ அது 300 மில்லிவிநாடி வரை நீள்கிறது. அப்படி நீளாவிட்டால் தசை இறுகி இரத்தத்தைத் தள்ள அவகாசம் இருக்காது. ஏன் நீள்கிறது? 1950-களின் இறுதியில் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஓட்டோ ஹட்டரிடம் ஆய்வு செய்துகொண்டிருந்த டெனிஸ் நோபிளை இந்தக் கேள்வி விடவில்லை.

ஊசிக் கணவாயின் நரம்பில் ஓடும் துடிப்புக்கு உடலியலாளர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-இல் சமன்பாடுகள் எழுதியிருந்தார்கள். கேம்பிரிட்ஜ் கணினி கிடைக்காததால், கைப்பிடி சுற்றும் கணக்குப் பொறியில் ஹக்ஸ்லி வாரக்கணக்கில் கணக்குப் போட்டார். நோபிளுக்கு ஃபெரான்டி மெர்க்குரி கணினி கிடைத்தது, அதுவும் பின்னிரவு இரண்டு மணியிலிருந்து நான்கு வரைதான். நிரல் எழுதத் தானே கற்றுக்கொண்டார். பொழுது விடிந்தால் சோதனைக்கு ஆட்டு இதயம் வேண்டும். இறைச்சிக்கூடத்துக்குப் போய் வாங்கி வருவார்.

பொட்டாசியம் செல்லைவிட்டு வெளியேற இரண்டு வழிகள் இருப்பது சோதனையில் தெரிந்தது. செல் கிளர்ந்ததும் ஒரு வழி அடைபடுகிறது, மற்றது மெல்லத் திறக்கிறது. இரண்டையும் நோபிள் அந்தச் சமன்பாடுகளில் சேர்த்தார். துடிப்பு நீண்டது. அது அடங்கிய பின் அடுத்த துடிப்பு தானாகவே எழுந்தது! தாளம் போட என்று அவர் எதையும் உள்ளே வைக்கவில்லை. அயனிகளின் போக்குவரத்திலிருந்தே தாளம் பிறந்தது. இந்தக் கதையில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்த இடம்தான். 1960 நவம்பரில் ‘நேச்சர்’ இதழில் இந்தக் கணினி மாதிரி வெளியானபோது நோபிளுக்கு 24 வயது நிரம்பவில்லை. கால்சியம் மின்னோட்டம் அப்போது கண்டறியப்படாததால் அந்த மாதிரியில் அது இல்லை; பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள்.

நோபிள் கணக்கிட்டது பர்கின்ஜி நாரின் துடிப்பை. கீழறைத் தசை முழுவதற்கும் மின்சாரத்தை விரைந்து கொண்டுசேர்க்கும் நார் அது. அந்தப் பாதை கெட்டால் என்ன ஆகும் என்பதும் கணினிக்கு வந்தே தீரவேண்டிய கேள்வி. 1964-இல் கார்டன் மோவும் கூட்டாளிகளும் 992 அலகுகளை அடுக்கி, இன்னொரு வகைக் கோளாறை, மேலறையில் மின் அலைகள் சிதறிச் சுழல்வதைக் கணினியில் காட்டினார்கள்.

இடது கீழறைக்கு மின்சாரம் கொண்டுபோகும் கிளை அடைபடும் ‘இடது கிளைத் தடை’யில் நடப்பது வேறு. விரைவுப் பாதை அடைபட்டதால் மின் அலை தசை வழியே செல்லுக்குச் செல் ஊர்கிறது. இடைச்சுவர் முந்திச் சுருங்கும்போது எதிர்ப்புறச் சுவர் இழுபட்டு விரிகிறது. பிறகு அது சுருங்கும்போது இடைச்சுவர் தளர்ந்துவிடுகிறது. தசை நலமாக இருந்தும் உழைப்பில் ஒரு பங்கு வீணாகிறது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் ஆய்வாளர்கள் உருவாக்கிய ‘சர்க்அடாப்ட்’ மாதிரி, இரு கீழறைகளும் இடைச்சுவரும் ஒன்றையொன்று இழுப்பதை இரத்த ஓட்டத்தோடு சேர்த்துக் கணக்கிடுகிறது. நோயாளியிடம் கடத்தல் தாமதமும் தசையின் பலவீனமும் பின்னிக் கிடக்கும். கணினியில் ஒன்றை அப்படியே நிறுத்திவைத்து மற்றதை மட்டும் மாற்றலாம். இரு கீழறைகளையும் ஒத்துத் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கர் யாருக்குப் பலன் தரும் என்று தேடும் மருத்துவருக்கு இந்தப் பிரிப்பு மிகவும் தேவை.